சாலட் வைத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா?

"யார் வாயில யார் ஊட்டினா? நீயாத்தானே வாங்கிச் சாப்பிட்ட?"

துரித உணவைப் பற்றி எங்கே பேசினாலும், பேச்சு கடைசியில் இந்தக் கேள்வியில் வந்துதான் நிற்கிறது. கேட்டவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். இன்னொரு பக்கம், "எல்லாம் அந்தக் கம்பெனிக்காரன் பண்ற வேலை, நாம என்ன செய்ய முடியும்?" என்று கையை விரிப்பவர்களும் உண்டு. முதல் ஆள் மொத்தத்தையும் சாப்பிடுபவர் தலையில் கட்டுகிறார். இரண்டாம் ஆள் மொத்தத்தையும் விற்பவர் தலையில் கட்டுகிறார். அதன் பிறகு இரண்டு பேருமே ஒரு செட் வாங்கி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்!

இந்தச் சண்டைக்குள் இப்போ புதுசா ஒன்று நுழைந்திருக்கு. அதுதான் 'ஆரோக்கியமான தேர்வு'. பர்கரும் பொரித்த கோழியும் விற்கிற கடையிலேயே சாலட் இருக்கு, கிண்ணத்தில் சோளம் இருக்கு, கோழிக்கஞ்சி இருக்கு, தண்ணீர் பாட்டில் இருக்கு. "நாங்கதான் நல்லதையும் வெச்சிருக்கோமே, எடுக்கிறதும் எடுக்காததும் உங்க விருப்பம்" என்று கடை சொல்லலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால், பட்டியலில் ஒரு நல்ல பொருளைச் சேர்த்த உடனே விற்பவரின் பொறுப்பு முடிந்து, மிச்சம் எல்லாம் வாங்குபவரின் பொறுப்பாகி விடுமா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. நான் மருத்துவம் படிப்பவன் இல்லை, தத்துவமும் படிக்கவில்லை. பொறியியல் மாணவன். ஆனாலும் என் பாடத்தில் படித்த ஒரு விஷயம் இந்தக் கேள்விக்கு வெளிச்சம் தருகிறது என்று நினைக்கிறேன். அதற்கு வருவதற்கு முன்னால், இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போன கதையைப் பார்ப்போம்.

நீதிமன்றம் ஏறிய பர்கர்

2002-ஆம் ஆண்டு நியூயார்க்கில், பதின்ம வயதுப் பிள்ளைகள் சார்பில் மெக்டோனல்ட்ஸ் நிறுவனத்தின் மேல் ஒரு வழக்குப் போடப்பட்டது. அந்த உணவைத் தொடர்ந்து சாப்பிட்டதால் உடல் பருத்து, நோய்கள் வந்துவிட்டன என்பது குற்றச்சாட்டு. உலகமே சிரித்தது. "அடுத்து என்ன, தோசைக்கல் மேல கேஸ் போடுவாங்களா?" என்கிற மாதிரி கேலி.

2003 ஜனவரியில் நீதிபதி ராபர்ட் ஸ்வீட் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார். இந்தச் சாப்பாட்டை அளவு மீறிச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது என்று ஒருவருக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்றால், அவருடைய மிதமிஞ்சிய பழக்கத்திலிருந்து அவரைக் காப்பாற்றுவது சட்டத்தின் வேலை இல்லை. இதுதான் அவர் சொன்னதன் சாரம். நம் "யார் ஊட்டினா?" கேள்வியின் சட்டப் பதிப்பு என்றே சொல்லலாம்.

ஆனால் அதே தீர்ப்பில் அவர் இன்னொன்றும் சொன்னார். பலர் அதைக் கவனிப்பதில்லை. வீட்டுச் சமையலில் யாரும் சேர்க்காத பொருள்களைச் சேர்த்து, சாதாரண ஆளுக்குத் தெரியாத அளவுக்கு ஓர் உணவு மாற்றப்பட்டிருந்தால், 'உனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே' என்ற வாதம் அங்கே வலுவிழந்துவிடும். கோழி நக்கெட்டை அவர் அதற்கு உதாரணமாகக் காட்டினார். அதாவது, எனக்கு எந்த அளவுக்குத் தெரியுமோ அந்த அளவுக்குத்தான் என் பொறுப்பு. எனக்குத் தெரியாமல் வைத்திருந்தால் அது வைத்தவர் கணக்கு.

அதன் பிறகு அமெரிக்காவில் இப்படிப்பட்ட வழக்குகளையே தடுக்க ஒரு மசோதா வந்தது. பிரதிநிதிகள் சபை அதை 2004-லும் 2005-லும் நிறைவேற்றியது, செனட் சபையில் அது தேறவில்லை. அந்த மசோதாவின் பெயர் என்ன தெரியுமா? 'உணவு உண்பதில் தனிமனிதப் பொறுப்புச் சட்டம்'. பெயரிலேயே பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

வெச்சாங்க, விக்கல

விற்பவர் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். 1991-இல் மெக்டோனல்ட்ஸ் 'மெக்லீன் டீலக்ஸ்' என்ற பர்கரை அமெரிக்காவில் கொண்டுவந்தது. இறைச்சியில் கொழுப்பைக் குறைத்து, கடற்பாசியிலிருந்து எடுக்கிற ஒரு பொருளையும் தண்ணீரையும் சேர்த்து ஈரப்பதம் போகாமல் செய்திருந்தார்கள். பொறியியல் கண்ணோடு பார்த்தால் நல்ல முயற்சிதான். ஆனா மக்கள் வாங்கல. 1996-இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"பார்த்தீங்களா, நல்லதை வெச்சா யாரும் தொடறதில்ல. மக்கள் கேட்பதைத்தான் நாங்க விக்கிறோம்" என்று வியாபாரிகள் சொல்வதற்கு இது பெரிய சான்று. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு கடை நல்லெண்ணத்தோடு வைத்தாலும், விற்காத பொருளை எத்தனை நாளைக்குத்தான் வைத்திருக்கும்?

இதற்குப் பதில் அதே நிறுவனத்தின் இன்னொரு அனுபவத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் சிறுவர்களுக்கான செட்டில், பொரித்த உருளைக்கிழங்குக்குப் பதிலாக ஆப்பிள் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று 2004-இல் ஏற்பாடு செய்தார்கள். பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரிந்தும் இருந்தது. ஆனாலும் கேட்டு வாங்கியவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். 2011-இல் நிறுவனம் வேறொரு முடிவை அறிவித்தது. இனி உருளைக்கிழங்கின் அளவைக் குறைத்து, ஆப்பிளைக் கேட்காமலேயே ஒவ்வொரு செட்டிலும் வைத்துக் கொடுப்போம் என்றது. அதற்காக எந்த அம்மாவும் அப்பாவும் திடீரென்று மாறிவிடவில்லை. அவர்களுடைய மனவுறுதி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெட்டியில் என்ன தானாக வருகிறது என்பது மட்டும்தான் மாறியது.

ஒரே கடை, ஒரே ஆப்பிள். 'வேணும்னா கேளுங்க' என்று வைத்தால் ஒரு மாதிரி, கேட்காமலேயே வைத்தால் வேறு மாதிரி. இரண்டையும் 'ஆரோக்கியமான தேர்வு' என்ற ஒரே பெயரில் அழைப்பது சரியா?

பட்டியலைப் படிக்கிற மனசு

சாலட்டைப் பட்டியலில் வைப்பதால் நன்மை இல்லாவிட்டாலும் தீமை இல்லையே என்று நினைப்போம். அதுவும் அவ்வளவு எளிதில்லை. கீத் வில்காக்ஸ் என்பவரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குச் சத்தில்லாத உணவுகள் மட்டும் இருந்த பட்டியலைக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே பட்டியலோடு ஒரு சாலட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். சாலட் இருந்த பட்டியலில் உருளைக்கிழங்குப் பொரியலைத் தேர்ந்தெடுத்தவர்கள் கூடிவிட்டார்கள். அதிலும், பொதுவாகச் சுயக்கட்டுப்பாடு அதிகம் உள்ளவர்களிடம்தான் இது பளிச்சென்று தெரிந்தது.

காரணம் என்னவாம்? நல்லதைப் பார்த்தாலே, அதை எடுத்தால் கிடைக்கிற திருப்தி மனசுக்குக் கொஞ்சம் கிடைத்துவிடுகிறது. 'நல்லதும் இருக்கு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று இந்தத் தடவை கை உருளைக்கிழங்குக்குப் போகிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாதக் கட்டணம் கட்டிவிட்டு, கட்டியதிலேயே பாதி உடம்பு இளைத்துவிட்ட மாதிரி திரிகிறோமே, அந்தக் கதைதான்.

பெயரும் ஏமாற்றும். 2016-இல் கனடாவில் ஒரு செய்தி வந்தது. அங்கே மெக்டோனல்ட்ஸ் விற்ற கீரை சீசர் சாலட் ஒன்றை, மொறுமொறு கோழியோடும் ஊற்றிச் சாப்பிடும் சாஸோடும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 730 கலோரி. அதே கடையின் டபுள் பிக் மேக் 680 கலோரி. 'இன்னிக்கு நான் நல்லபடியா சாப்பிடப் போறேன்' என்று உறுதியோடு போனவர், பர்கர் வாங்கினவரை விடக் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார். இதில் அவருடைய பொறுப்பின்மை எங்கே இருக்கிறது?

தலைக்கவசம் கொடுத்துவிட்டுச் செங்கல் போடலாமா?

பொறியியல் மாணவர்களுக்குப் பாதுகாப்புப் பாடத்தில் முதலில் சொல்லித்தருகிற ஒன்று, ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வரிசை. ஐந்து படிகள். முதலாவது, ஆபத்தையே நீக்கிவிடுவது. இரண்டாவது, ஆபத்தான பொருளுக்குப் பதிலாக ஆபத்து குறைந்ததை வைப்பது. மூன்றாவது, இயந்திரத்தைச் சுற்றித் தடுப்பு போடுவது போன்ற ஏற்பாடு. நான்காவது, பயிற்சி, விதிமுறை, எச்சரிக்கைப் பலகை. ஐந்தாவதாகத்தான் தலைக்கவசமும் கையுறையும். மேலே இருப்பது வலுவானது, கீழே போகப் போக பலம் குறையும். ஏனென்றால் கீழே இருப்பவை எல்லாம், மனிதன் ஒவ்வொரு தடவையும் மறக்காமல், களைப்பில்லாமல், சரியாக நடந்துகொள்வதை நம்பி இருக்கின்றன. மனிதன் அப்படி இல்லை.

இப்போ இந்த வரிசையில் துரித உணவுக் கடையை வைத்துப் பாருங்கள். பட்டியலில் கலோரி எண்ணைப் போடுவது எச்சரிக்கைப் பலகை, நான்காம் படி. 'சாலட்டும் இருக்கு, வேணும்னா கேளுங்க' என்பதும் அங்கேதான் வரும். நம்முடைய சுயக்கட்டுப்பாடு? அது ஐந்தாம் படி, தலைக்கவசம். பெட்டியில் ஆப்பிளைத் தானாக வைத்துப் பொரியலைக் குறைப்பது இரண்டாம் படிக்குப் பக்கத்தில் வருகிறது. பானத்தில் சீனியையே குறைப்பதும் அப்படித்தான்.

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதித்தார்கள். பிறகு அதை உயர்த்தவும் செய்தார்கள். இந்த மாதிரி வரியின் முக்கியமான பலன், விலை ஏறுவதால் நாம் வாங்காமல் போவது மட்டுமில்லை. வரியிலிருந்து தப்ப, தயாரிப்பவரே சீனியைக் குறைப்பார். பிரிட்டனில் 2016-இல் இப்படி ஒரு வரியை அறிவித்தார்கள், 2018 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. வருவதற்கு முன்னாலேயே பல நிறுவனங்கள் தங்கள் பானங்களில் சீனியைக் குறைத்துவிட்டன. வாங்கியவர்கள் எந்த விரதமும் இருக்கவில்லை. வழக்கமாகக் குடித்ததையே குடித்தார்கள், உள்ளே போன சீனி குறைந்தது.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "அப்போ தலைக்கவசம் போடாதவன் மேல தப்பே இல்லையா?"

இருக்கு. நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைப் பாருங்கள். 15-ஆவது பிரிவு முதலாளியின் கடமையைச் சொல்கிறது. 20-ஆவது பிரிவு இயந்திரத்தை வடிவமைப்பவர், தயாரிப்பவர் ஆகியோரின் கடமையைச் சொல்கிறது. 24-ஆவது பிரிவு, தன்னையும் பிறரையும் காப்பாற்றிக்கொள்வதில் தொழிலாளிக்கு உள்ள கடமையைச் சொல்கிறது. எல்லாம் ஒரே சட்டத்தில்தான் இருக்கின்றன. 24 இருப்பதால் 15 ரத்தாகவில்லை. 15 இருப்பதால் 24 ரத்தாகவில்லை. "நான்தான் தலைக்கவசம் கொடுத்துட்டேனே" என்று சொல்லிவிட்டு மேல் மாடியிலிருந்து செங்கல் போட முடியாது. "மேலே வலை கட்டியிருக்காங்களே" என்று தலைக்கவசத்தைக் கழற்றி வைக்கவும் முடியாது.

நாம் பொறுப்பை ஒரு கேக் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒருவருக்குப் பெரிய துண்டு வெட்டினால் மற்றவருக்குச் சின்னத் துண்டுதான் மிஞ்சும் என்று நினைக்கிறோம். அதனால்தான் 'கடை மேல தப்பு' என்றால் 'அப்போ உனக்குப் பொறுப்பே இல்லையா?' என்று கோபம் வருகிறது. என் எண்ணத்தில் பொறுப்பு அப்படிப் பங்கு போடுகிற பொருள் இல்லை. தேர்ந்தெடுப்பவருக்கு முழுப் பொறுப்பு உண்டு. எதிலிருந்து தேர்ந்தெடுக்கலாம், எது கண்ணில் முதலில் படும், எது தானாக வரும், எது மலிவாக இருக்கும் என்று அடுக்கி வைத்தவருக்கும் முழுப் பொறுப்பு உண்டு.

திருக்குறளில் 'மருந்து' என்ற 95-ஆவது அதிகாரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். தலைப்புதான் மருந்து, பத்தில் ஆறு குறள்கள் சாப்பாட்டின் அளவைப் பற்றியும் செரிமானத்தைப் பற்றியும்தான் பேசுகின்றன. உண்பவனை வள்ளுவர் சும்மா விடவில்லை. ஆனால் அதோடு அவர் நிறுத்திவிடவும் இல்லை. கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர் என்று நான்கையும் சேர்த்துத்தான் மருத்துவம் என்கிறார். ஒருவனுடைய உடம்புக்கு அவன் மட்டுமே பொறுப்பு என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை போலும்.

பொறுப்பு வேறு, பழி வேறு

இது வெறும் பட்டிமன்றத் தலைப்பு இல்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். நீரிழிவு நோய் உள்ளவர்கள் 18.3 விழுக்காடு. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்தால் 31.4 விழுக்காடு. நம் கோயில் திருவிழாவில் பக்கத்தில் நிற்கிற பத்துப் பெரியவர்களில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் துரித உணவு மட்டும் காரணமில்லை. மரபும் ஒரு காரணம், ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சோற்றின் அளவும் காரணம், நடக்காமல் இருப்பதும் காரணம். ஆனால் 'யார் பொறுப்பு?' என்ற கேள்வி மற்றவர்களை விட நம் வீடுகளில்தான் அதிகமாகக் கேட்கப்படுகிறது. அதுவும் கத்தி மாதிரி கேட்கப்படுகிறது.

என் பெரியப்பா ஒரு தொழிற்பேட்டையில் இரவுக் காவல் வேலை பார்த்தவர். மாலை ஏழு முதல் காலை ஏழு வரை. விடியற்காலை மூன்று மணிக்குப் பசித்தால் நடந்து போகிற தூரத்தில் திறந்திருந்தது ஒரு எண்ணெய் நிலையக் கடையும், 24 மணி நேரத் துரித உணவுக் கடையும்தான். பல வருஷம் அப்படிப் போனது. சீனி வியாதி வந்து, பிறகு கால் விரலில் புண் ஆறாமல், ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பழத்தை மேசையில் வைத்துவிட்டு, அவர் காதுபடவே, "வாயக் கட்டியிருந்தா இந்த நிலைமை வருமா?" என்றார்கள். வந்தவர்களில் ஒருத்தர்கூட, "ராத்திரி அங்க என்ன கிடைக்கும்? சாப்பாடு கட்டிக் கொடுத்தா எடுத்துட்டுப் போவீங்களா?" என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என்ன சாப்பிட்டார் என்பதை வீட்டில் மறைக்க ஆரம்பித்தார். கிளினிக்கில் சீனி அளவு பார்க்கும் நாளையும் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டார். பேச்சு வாங்கப் பயம்.

தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று பழி, இன்னொன்று பொறுப்பு. பழி போடுவது. பொறுப்பு ஏற்பது. பழியை அடுத்தவர் மேல்தான் போட முடியும். பொறுப்பை நாமேதான் ஏற்க முடியும். 'பொறு' என்ற சொல்லே சுமப்பதைத்தான் சொல்கிறது. பழி பின்னால் பார்த்து 'யார் கெடுத்தது?' என்று கேட்கும். பொறுப்பு முன்னால் பார்த்து 'இனி யார் என்ன செய்யலாம்?' என்று கேட்கும். 'தனிமனிதப் பொறுப்பு' என்று நாம் பெருமையாகப் பேசும்போது, பல நேரங்களில் நம் வாயிலிருந்து வருவது பொறுப்பு இல்லை, பழி. பெரியப்பா விஷயத்தில், அவருக்குப் பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அவரும் சொல்லமாட்டார். ஆனால் அந்தப் பழிச்சொல் அவரைப் பொறுப்புள்ளவராக ஆக்கவில்லை. மறைக்கத்தான் கற்றுக்கொடுத்தது.

சில எதிர்க்கேள்விகள்

"அரசாங்கமும் கம்பெனியும் எனக்கு எது நல்லது என்று முடிவு செய்தால், என் சுதந்திரம் என்னாவது?" நல்ல கேள்வி. நானும் பர்கரைத் தடை செய்யச் சொல்லவில்லை. நண்பனின் பிறந்தநாளுக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு வாளி கோழி வாங்கிச் சாப்பிடுவதில் ஒரு சந்தோஷம் இருக்கு, அதை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். நடுநிலையான பட்டியல் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ஏதோ ஒன்று முதல் படமாக இருந்தே ஆகவேண்டும், ஏதோ ஒன்று செட்டோடு தானாக வந்தே ஆகவேண்டும். இன்றைக்குக் குளிர்பானம் தானாக வருகிறது, தண்ணீர் வேண்டுமென்றால் வாயைத் திறந்து மாற்றச் சொல்ல வேண்டும். அதையும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். தண்ணீர் தானாக வந்து, குளிர்பானம் வேண்டுபவர் கேட்டு வாங்கினால், என் சுதந்திரத்தில் ஒரு காசுகூடக் குறையாது.

"சட்டம் போட்டா சரியாகிடுமா?" ஆகாது. சான்பிரான்சிஸ்கோ நகரத்தில், சத்துக் கணக்குக்குள் வராத சிறுவர் செட்டோடு இலவசமாக விளையாட்டுச் சாமான் கொடுக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். 2011 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. மெக்டோனல்ட்ஸ் என்ன செய்தது? சாமானை இலவசமாகக் கொடுக்காமல் 10 சென்ட் வாங்கிக்கொண்டு கொடுத்தது. சட்டத்தை மீறவில்லை, ஆனால் சட்டம் எதற்காக வந்ததோ அதைத் தாண்டிப் போய்விட்டது. அதனால்தான் இது சட்டக் கேள்வி மட்டும் இல்லை, அறக் கேள்வி என்கிறேன். 'எனக்கு என்ன தண்டனை வரும்?' என்று கேட்பதோடு சட்டம் நின்றுவிடும். 'நான் அடுக்கி வைத்ததால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்?' என்று கேட்பது அறம்.

"கடைக்கும் பொறுப்பு இருக்குன்னு சொன்னா, சாப்பிடறவன் அதையே சாக்கா வெச்சுக்க மாட்டானா?" வைத்துக்கொள்ளலாம். அதனால் நம்மைப் போன்ற இளைஞர்களுக்கு நேராகவே சொல்கிறேன். கலோரி எண்ணைப் படிக்கத் தெரியும், கைப்பேசியில் ஒரு நிமிஷத்தில் தேடத் தெரியும், பெரும்பாலும் நடந்து போய் வேறு கடையில் சாப்பிடவும் முடியும். சுகாதார அமைச்சு சொல்கிற 'சுக்கு சுக்கு செபாரோ' நமக்கு மனப்பாடம்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப் பங்கு காய்கறியும் பழமும். தெரிந்தவனுக்குப் பொறுப்பு கூடுதல். எட்டு வயதுப் பிள்ளைக்கும், இரவு மூன்று மணிக் காவலாளிக்கும், நமக்கும் ஒரே அளவுகோலை வைக்க முடியாது. நீதிபதி ஸ்வீட் 'தெரிந்திருந்தால்' என்று சொன்னது இங்கே நம்மை நோக்கித்தான் விரலை நீட்டுகிறது. அதே அளவுகோலைத் திருப்பிப் பிடித்தால், எந்தப் படத்தை எங்கே வைத்தால் எவ்வளவு விற்கும் என்று கணக்கு வைத்திருக்கிற நிறுவனத்துக்கும் பொறுப்பு கூடத்தான் செய்யும்.

பட்டியல் எழுதுவது நாமும்தான்

இதுவரை கம்பெனிகளைப் பற்றிப் பேசினோம். இனி நம் பக்கம்.

நம் கிளைகள் நடத்தும் முகாமில் காலைப் பசியாறலுக்கு என்ன வைக்கிறோம்? பெரும்பாலும் பொட்டலம் கட்டின நாசி லெமாக், இல்லாவிட்டால் மீஹூன் பிரட்டல். பெரிய பாத்திரத்தில் தேத்தண்ணி, அதில் சீனியும் கெட்டிப்பாலும் ஏற்கெனவே கலந்திருக்கும். வேறு வழியே இல்லை. சீனி வேண்டாம் என்கிற பிள்ளை என்ன செய்யும்? துரித உணவுக் கடையிலாவது தண்ணீர் பாட்டில் கேட்டால் கிடைக்கும்! தைப்பூசத்தில் வெயிலில் நடந்து வருகிற பக்தர்களுக்கு நாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். பெயர்தான் தண்ணீர்ப் பந்தல். நீட்டுகிற குவளையில் இருப்பது பல இடங்களில் சிவப்புச் சிரப்பு. அன்போடுதான் கொடுக்கிறோம், அதில் சந்தேகமே இல்லை. வாங்குபவரும் பிரசாதம் மாதிரி நினைத்து மறுக்காமல் குடிக்கிறார். அந்த அன்பாலும் அந்த மரியாதையாலும்தான் நம் பொறுப்பு கடைக்காரரை விடக் கூடுகிறது. கடையில் வேண்டாம் என்று சொல்லலாம். கோயில் வாசலில் அக்கா ஒருத்தர் சிரித்துக்கொண்டே நீட்டினால் யார் வேண்டாம் என்பார்?

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. முகாமில் தேத்தண்ணியை சீனி இல்லாமல் கலக்கி, சீனியைப் பக்கத்தில் தனியாக வைக்கலாம். வேண்டுபவர் போட்டுக்கொள்ளட்டும், யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம். பந்தலில் வெறும் தண்ணீரை முன்னாலும், சிரப்பைப் பின்னாலும் வைக்கலாம். மோர் கொடுக்கலாம். மதியச் சாப்பாட்டில் காய்கறியை முதலில் பரிமாறி, சோற்றைக் கேட்டுப் போடலாம். இரவு வேலைக்குப் போகிற உறுப்பினர்களின் பெற்றோர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு கிளையும் ஒரு தடவை விசாரித்துப் பார்க்கலாம். விசாரித்தாலே என்ன செய்யலாம் என்பது தெரியவரும்.

இதில் ஏதாவது ஒன்றை உங்கள் கிளையில் செய்து பார்த்தால், பிள்ளைகள் எவ்வளவு சீனி எடுத்தார்கள், யார் முணுமுணுத்தார்கள், சமையல் பொறுப்பில் இருக்கும் அக்காமார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதி அனுப்புங்கள். வேலைக்கு ஆகவில்லை என்றாலும் பரவாயில்லை, அதையும் எழுதுங்கள். அடுத்த விடுமுறை முகாமுக்குச் சாப்பாட்டுப் பட்டியல் போடும்போது, அந்தக் கூட்டத்தில் உட்காரப் போவது நாம்தான்.